நகம் பதிந்த பசை

என் தங்கைக்கு நகம் கடிக்கும் பழக்கம் உண்டு. அதனால்தான் எங்கள் பட்டறையில் பசையைச் சோதிப்பது என் வேலையாயிற்று. பசை இரண்டு குப்பிகளில் வரும், கலந்தால்தான் இறுகும். இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, உடைந்த கண்ணாடித் துண்டில் குழைத்து வைப்போம். மறுநாள் அதில் நகத்தை அழுத்துவேன். தடம் பதியாவிட்டால் நல்ல பசை. பதிந்தால் பழசு, குப்பைக்குப் போக வேண்டியதுதான். நான் சரியென்றால் போதும், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

வண்ணக் கண்ணாடியை வெட்டிச் சித்திரமாக ஒட்டுவது எங்கள் தொழில். வரைவது அவள். எனக்கு நேராகக் கோடு போடவே வராது. வெட்டுவேன், ஒட்டுவேன், அவள் சாப்பிட்டாளா என்று பார்ப்பேன். அம்மா போன பிறகு அவளை வளர்த்ததே நான்தான். சொல்லிக்காட்டுவதாக நினைக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பட்டறை ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டது. எங்கள் ஊர் நூலகத்தின் கூரைக்கு அவள் செய்துகொண்டிருந்த மீன் சித்திரத்தை, மாட்டிய பிறகு படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள்.

"நீயும் வந்துடேன்க்கா."

"நான் அங்க வந்து என்னடி பண்ண?"

"இங்க மட்டும் என்ன பண்றே? என்னைத்தானே மேய்க்கிறே."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளில்லாத வீட்டில் எனக்காக மட்டும் விளக்குப் போடுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கெஞ்சினேன். பேசாமல் இருந்து பார்த்தேன். காய்ச்சலென்று படுத்தும் பார்த்தேன். மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் பெட்டி அடுக்கப் போனாள்.

அலமாரிக்கு அடியில் பழைய பசை கிடந்தது, மஞ்சளாகிப்போய். குழைத்து வைத்து மறுநாள் அழுத்தினேன். நகம் முழுக்க இறங்கியது.

"எப்படிக்கா இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்குடி."

மீனின் வயிற்றுக்கு மட்டும்தான் அதைப் போட்டேன். தடித்த நீலக் கண்ணாடி, இருப்பதிலேயே கனமான துண்டு. மேசையில் கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது. கூரையில் கவிழ்த்து மாட்டினால் மெல்ல வழுக்கி, ராத்திரி ஆளில்லாத நேரத்தில் விழும் என்று கணக்குப் போட்டேன். வேலை சரியில்லை என்று பேச்சு எழும், அவர்கள் அவளை வேண்டாமென்று விடுவார்கள். யாருக்கும் அடிபடக் கூடாது என்றுதான் நினைத்தேன். பசை செய்தவர்களை விசாரிக்கிறீர்களாம். பாவம், அவர்களை விட்டுவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் அவள் படமெடுக்க மீனுக்கு நேர் கீழே போய் நின்றாள். நான் வாசலருகே இருந்தேன். பழைய பசை பட்டென்று விடாது, வழுக்கிக்கொண்டுதான் விடும். நீலத் துண்டு தன் கோட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் அளவுக்கு நேரம் இருந்தது. "நகருடி" என்றால் போதும். ஆனால் கத்தினால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள். தெரிந்துகொண்டால் போயே போய்விடுவாள், திரும்பி வரவே மாட்டாள். வாயை மூடிக்கொண்டேன். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணிரண்டும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைத் தடவிக் கண்டுபிடித்து, "உன் தப்பில்லக்கா, அழாதே" என்றாள்.

இப்போது நான்தான் ஊட்டிவிடுகிறேன். நகம் கடிப்பதைக்கூட விட்டுவிட்டாள், நானே வெட்டிவிடுகிறேன். பெட்டியைப் பிரித்துத் துணியெல்லாம் பழையபடி அடுக்கிவிட்டேன்.

எழுதிக்கொண்டீர்கள் அல்லவா? கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். அவள் சாப்பிடும் நேரமாகிவிட்டது. நானில்லாமல் அவளால் இருக்கவே முடியாது.