ஜெனீராவின் கை

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடலாமா, இன்ஸ்பெக்டர் ஐயா? பதுளையில் அடைமழை பிடித்துவிட்டால் குளிர் முதலில் விரல் நுனியில்தான் ஏறும். உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

பசாரில் இருக்கும் லத்தீப் நாட்டுமருந்துக் கடை என்னுடையதுதான். என் மனைவி ஜெனீராவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கையும் காலும் சில்லிட்டே இருக்கும். கூப்பன் அரிசியைக் களைந்து வைத்தாலே விரல்கள் வெளுத்துவிடும். அவள் என்றால் எனக்கு உயிர். அவளுக்காகத்தான் இஞ்சியும் மிளகும் கருஞ்சீரகமும் போட்டு அந்த எண்ணெயைக் காய்ச்சினேன்.

சோதித்துப் பார்க்காத மருந்தைப் பெண்டாட்டிக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? முதலில் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குக் கொடுத்தேன். பனியில் நின்று கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கை விறைத்துத்தான் கிடக்கும். ஞாயிறுகளில் சாமான் வாங்க டவுனுக்கு வரும்போது கடைக்கும் வருவார்கள். அந்நியப் பெண்களின் கையை நான் தொடலாமா? அதனால் திரைக்குப் பின்னால் ஜெனீராவை உட்கார வைத்தேன். எண்ணெய் தேய்த்த கையில் சூடு ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

"நல்ல சூடா இருக்கு," என்றாள் ஒவ்வொரு கைக்கும். எல்லாருக்கும் குணம். வெலிமடை வரைக்கும் என் பேர் பரவியது.

பிறகு ஒரு ஞாயிறு, கொழுந்து பறிக்கும் ராசம்மாவின் கையைத் தொட்டவள், "சில்லெண்டு இருக்கே," என்றாள். அடுத்தவளுக்கும் அதையே சொன்னாள். என் மானம் கப்பலேறியது. விசாரித்தால், காலையில் எனக்குத் தெரியாமல் அந்த எண்ணெயைத் தேய்த்திருக்கிறாள். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கை சூடானால் ஊரார் கையெல்லாம் குளிர்ந்து போகும். நீங்களே சொல்லுங்கள், தராசுப் படிக்கல்லின் எடை மாறினால் கடை நடத்த முடியுமா? எண்ணெயைப் பூட்டி வைத்தேன். தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, பெண்கள் வருமுன் கையையும் காலையும் அதில் வைத்திருக்கச் சொன்னேன்.

அவள் முரண்டு பிடிக்கவில்லை. "எனக்கும் ஒரு சொட்டு தாங்களேன், வெரலெல்லாம் மரத்துப் போச்சு," என்று மட்டும் கேட்டாள்.

"சோதனை முடியட்டும், முதல் போத்தல் உனக்குத்தான்," என்றேன். நான் பொய் சொல்லவில்லை. சோதனைதான் முடியவில்லை.

மழையோடு இருமல் வந்தது, அதோடு காய்ச்சலும் வந்தது. காய்ச்சலில் அவள் கை கொதித்தது. அந்தக் கை எதற்கு உதவும்? தொட்டியில் கூடுதல் நேரம் வைத்திருக்கச் சொன்னேன்.

ராசம்மாதான் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "மொதலாளி, அம்மாவுக்கு ஒடம்பெல்லாம் நடுங்குதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

வந்திருந்த பெண்களையெல்லாம் பார்த்து முடியட்டும் என்றேன். அதற்குள் ஜெனீரா முடிந்துவிட்டாள்.

எண்ணெயைப் பூட்டியதும் தண்ணீரில் வைத்ததும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்கள், கை ஐஸ் மாதிரி இருந்தது என்றார்களாம். அதையும் எழுதுங்கள். மருந்து படாத கை அப்படித்தான் இருக்கும். என் எண்ணெயில் ஒரு குறையும் இல்லை.