என் கொழுந்தனாரின் மடக்குக் கத்தியைத் தீட்டியவர் குறித்து

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தொன்று. வீட்டு வேலை பார்க்கிறேன். இறந்துபோனவர் என் கணவர். காவலில் இருப்பவர் அவருடைய உடன்பிறந்த தம்பி, எனக்குக் கொழுந்தனார். இருவரும் எங்கள் வீட்டுக்குக் கீழேயே சோபா தைக்கும் கடை நடத்திவந்தார்கள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. படிக்கவும் கணக்கெழுதவும் நானாகக் கற்றுக்கொண்டேன். கடவுளுக்குப் பயந்தவள். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கொழுந்தனார் முந்தின நாளே கத்தியைத் தீட்டி வைத்திருந்து அண்ணனைக் குத்தினார் என்று புகாரில் இருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். கத்தி முந்தின நாள் தீட்டப்பட்டது உண்மை. தீட்டியவர் என் கணவர்.

இருவரிடமும் ஆளுக்கொரு மடக்குக் கத்தி உண்டு. கணவருடையது வலப்பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியது, இடப்பக்கம் தட்டையாக இருக்கும். கொழுந்தனாருடையது இரண்டு பக்கமும் தீட்டியது. ஒரு பக்கம் தீட்டிய கத்தியை நானும் சமையலுக்கு எடுத்திருப்பதால் அதன் வரவும் செலவும் தெரியும். தீட்டுவது சுலபம், கூர் அதிகம், தட்டைப் பக்கம் இரும்பு ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு கோடு பிசகாமல் போகும். ஆனால் ஆணியில் பட்டால் முனை பொடிப்பொடியாக உதிரும். கெட்டியான பொருளில் அழுத்தினால் தட்டைப் பக்கமாகவே, அதாவது இடப்பக்கமாகவே இழுக்கும். வலது கைக்காரருக்கு இடப்பக்கம் ஸ்கேல் இருந்து தடுத்துவிடும். என் கொழுந்தனார் இடது கைக்காரர். அவருக்கு ஸ்கேல் வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் தடுக்க ஒன்றும் இருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை கொழுந்தனார் வெட்டிய ரெக்சின் ஓரம் பிசிறாக இருந்ததால் கணவர், "பீச்சாங்கைப் பயலே, அது கத்தியா கரண்டியா?" என்று கேட்டார். அதற்குக் கொழுந்தனார், "அண்ணே, உன் கத்தி உன்னை மாதிரியே, ஒரு பக்கமாத்தான் பேசும். எனக்கு வேணாம்" என்றார். நான் மாடியிலிருந்து சிரித்தேன். அதன்பிறகு பேச்சு வளர்ந்து, "என் கத்தியில கை வெச்சே, அப்புறம் நடக்கிறதே வேற" என்று கொழுந்தனார் சத்தம் போட்டார். எதிரே கண்ணாடிக் கடைக்காரர் கேட்டதாகச் சொல்லியிருப்பது இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டதையும் அவர் பார்த்திருப்பார்.

அன்று சாயங்காலம் கொழுந்தனார் போனபிறகு கணவர் அவருடைய கத்தியை மேசை டிராயரிலிருந்து எடுத்துவந்து, பின்கட்டில் துவைக்கிற கல்லின் அருகே உட்கார்ந்து, சொரசொரப்பான சாணைக்கல்லில் இடப்பக்கச் சரிவு மறையும்வரை வலப்பக்கத்தைத் தேய்த்தார். கல்லில் தண்ணீர் ஊற்றியது நான். அதன்பிறகு மடிப்பில் சிக்கியிருந்த நூலை நான் ஊசியால் எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். அவர் காகிதத்தை வெட்டிப் பார்த்து, "என்னுதைவிட நல்லா வந்திருக்கு. நீ வாயைத் திறந்துடாதே. நாளைக்கு அவனே வெட்டிப் பார்த்து அசந்து போகட்டும்" என்றார். தம்பிக்கு எந்தக் கை என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கெட்டி ரப்பர் ஷீட்டைத் தரையில் போட்டு, வழக்கம்போலக் கணவர் தம்பியின் இடப்பக்கம் உட்கார்ந்து முழங்காலால் அழுத்திப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கொழுந்தனார் கோட்டைப் பார்த்து வெட்டுகிறவர், கத்தியைப் பார்க்கிற பழக்கம் இல்லை. பழைய கூருக்குக் கொடுக்கும் பலத்தையே கொடுத்து இழுத்தார். கத்தி ஸ்கேலை விட்டு விலகி, ஷீட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, கணவரின் உள்தொடையில் இறங்கியது. கொழுந்தனார் கத்தியைப் போட்டுவிட்டுத் தன் சட்டையைக் கழற்றிக் காயத்தில் கட்டினார். அதன்பிறகு ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். வெறும் உடம்போடு ரத்தக்கையாக அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் தப்பி ஓடுகிறார் என்று நினைத்திருக்கலாம். ஆட்டோவோடு திரும்பி வந்ததும் அவர்தான், தூக்கி ஏற்றியதும் அவர்தான்.

அவர் தெருவில் இருந்தபோது கணவரின் தலை என் மடியில் இருந்தது. கீழே கிடந்த கத்தியையே பார்த்தபடி, "அவனுக்குப் பக்கம் மாத்தித் தீட்டியிருக்கணும்டி" என்றார். அதன்பிறகு பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டதாகச் சொன்னார்கள். சாப்பாட்டுத் தூக்கு என் கையிலேயே இருந்திருக்கிறது, அதை ஒரு நர்ஸ் வாங்கி வைத்தார்.

இன்று எனக்குக் காட்டப்பட்ட கத்தி கொழுந்தனாருடையது. வலப்பக்கம் மட்டும் தீட்டியிருப்பது யார் பார்த்தாலும் தெரியும். இடது கைக்காரர் தனக்காகத் தீட்டினால் அந்தப் பக்கத்தைத் தீட்டமாட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கணவரின் கத்தியையும் சாணைக்கல்லையும் ஒப்படைத்திருக்கிறேன். கல்லைக் கழுவவில்லை.

கொழுந்தனார் விசாரணையில் "என் கைதான், என் கைதான்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை என்று அறிகிறேன். அவருக்குச் சொல்லத் தெரியாது. கத்தியை அண்ணன் மாற்றித் தீட்டியது இந்த நிமிஷம்வரை அவருக்குத் தெரியாது. வாயைத் திறக்காதே என்று கணவர் சொல்லியிருந்தார், நானும் திறக்கவில்லை. இன்று திறந்துவிட்டேன். இந்தத் தாளைக் கோர்ட்டுக்கு அனுப்புமுன் என் கொழுந்தனாருக்கு ஒருமுறை படித்துக்காட்ட வேண்டுகிறேன். காகிதம் வெட்டிப் பார்த்து அண்ணன் சொன்ன வார்த்தை வருகிற இடத்தை மட்டும் நிதானமாகப் படிக்கவேண்டும்.

எழுதியதை எனக்கு வாசித்துக்காட்டினார்கள், நானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. கடவுள் அறிய இதுவே நடந்தது.

(கையொப்பம்)
இறந்தவரின் மனைவி