தொரட்டிச் செடியை வெட்டச் சொன்னவன்

வேலைக்குப் புதுசா வந்திருக்கீங்க... உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்றேன். கதை என்ன கதை, நான் பண்ணின அசிங்கம்தான்.

மலையடிவாரத்துல ஒரு பட்டாம்பூச்சிப் பூங்கா. நான் பொறுப்பாளர். செடிகளைப் பாத்துக்கறது பேச்சித்தாய்னு ஒரு அம்மா, தினக்கூலி. அங்க காட்டுப் பட்டாம்பூச்சி ரெண்டு வகை. ரெண்டுக்கும் வெயில் ஊடுருவற இறக்கை, மேல கறுப்புக் கோடு. நான் என்ன பண்ணினேன்? செத்த பூச்சிகளை ஊசி குத்தி, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதான்னு பலகை எழுதிட்டேன். படிச்சவன் இல்லையா!

ஒண்ணு நஞ்சறுப்பான் கொடியில முட்டை வைக்கும். இன்னொண்ணு தொரட்டிச் செடியில. தொரட்டி முள்ளு வர்றவங்க சேலையைக் கிழிக்குதுன்னு, மொத்தத்தையும் வெட்டச் சொன்னேன். பேச்சித்தாய் அரிவாளைக் கீழ வச்சுட்டாங்க.

"ஐயா, அந்தக் கொடியில வர்றது மெதுவாப் பறக்கும். கசக்கும்னு எந்தக் குருவியும் தொடாது. தொரட்டியில வர்றது அது மாதிரி வேஷம் போட்டுத் திரியுது, பயந்தா விருட்டுனு ஓடிரும். இதோட புழுவுக்குத் தொரட்டி இலைதான்யா சோறு."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "நீ எத்தனாவது படிச்சிருக்க?"... எல்லார் முன்னாடியும் கேட்டேன். எனக்கு அக்கா வயசு அவங்களுக்கு. அரிவாளை எடுத்து வெட்டினாங்க.

நாலே நாள். தொரட்டியில இருந்த புழுக்களை நஞ்சறுப்பான்ல எடுத்து விடச் சொல்லியிருந்தேன். ஒண்ணுகூட வாய் வைக்கலை, அத்தனையும் செத்துப்போச்சு. மேலிடத்துல விளக்கம் கேட்டாங்க. 'தினக்கூலிப் பணியாளரின் கவனக்குறைவு'ன்னு எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

மறுநாளே அவங்களை நிறுத்தியாச்சு. தூக்குவாளியோட கேட்டுல நின்னு என்னை ஒரு தடவை பார்த்தாங்க... நான் போன் பேசற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

சொல்லுங்க... ரெண்டு பூச்சிக்கு வித்தியாசம் தெரியாதது தப்பா? இல்லைங்க. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். தெரியாதுன்னு ஒத்துக்க வெக்கப்பட்டு, தெரிஞ்சவங்க தலையில பழியைப் போட்டேன் பாருங்க... அதுதான் தப்பு. நாளைக்கு உங்க மேசைக்கும் அப்படி விளக்கம் கேட்டு ஒரு தாள் வரும். பேனாவை எடுக்கும்போது, யார் பேரை எழுதப்போறோம்னு நின்னு பாருங்க.

கை தட்டாதீங்க, வேண்டாம். பதினோரு வருஷமாச்சு. இதை மைக்குல சொல்றது எனக்குச் சுலபமாத்தான் இருக்கு. அவங்க வீடு இங்கிருந்து ரெண்டே பஸ் ஸ்டாப்புதான்... நான் இன்னும் போகலை.