கண் மட்டத்தில் மூன்று படங்கள்

சுவரில் படம் மாட்டுவது பெரிய வித்தை இல்லை, சார். படத்தின் நடுப்பகுதி பார்ப்பவரின் கண் மட்டத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். மேலே ஏற்றினால் கழுத்து வலிக்கும். கீழே இறக்கினால் யாரும் குனிய மாட்டார்கள். எங்கள் ஊர் நூலகத்தில் செய்தித்தாள் அறைச் சுவரில் படம் மாட்டுவது நான்தான். நான் மாட்டிய எதுவும் கோணலாகத் தொங்கியதில்லை.

என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நூலகத்தை மூடிவிடலாம் என்று கமிட்டித் தலைவர் பேச ஆரம்பித்திருந்த சமயம். "நாலு பேர் பேப்பர் படிக்க, ரெண்டு பேர் தூங்க, இவ்வளவு பெரிய ஹால் எதுக்கும்மா? குடோனா விட்டுடலாம்" என்பார். அந்த நூலகம் இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. அதனால் ஒரு யோசனை சொன்னேன். உள்ளூர்க்காரர்களின் கைவண்ணத்தை வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சியாக வைப்போம் என்றேன். தையல்காரர் எம்பிராய்டரி கொடுத்தார். ஒரு பஸ் டிரைவர் பென்சில் படங்கள் கொடுத்தார். என் தங்கை ஓவியம் கொடுத்தாள்.

அவள் கடைத்தெருவை வரைந்திருந்தாள். ஒவ்வொரு ஓடும் இருந்தது, ஒவ்வொரு கம்பியும் இருந்தது. போட்டோ ஸ்டுடியோக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "அச்சு அசல்மா. ஆனா இதை நான் ஒரு கிளிக்குல எடுத்துருவேனே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவளுக்குக் கண்ணில் அழுத்தம். காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும், ஆயுசுக்கும் விட வேண்டும், விட்டால் கடைசிவரை பார்வை இருக்கும், விடாவிட்டால் போனது திரும்பாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவளே விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழியும். அதனால் நான்தான் விடுவேன். அவள் தலையை என் மடியில் சாய்த்து, "மெதுவா, லைப்ரரி மகாராணி. புத்தகத்துல முத்திரை குத்துற மாதிரி குத்தாதே" என்பாள்.

ஒரு முறை மருந்துக் கடையில் சரக்கு வரவில்லை. சில வாரங்கள் மருந்து இல்லாமல் போயிற்று. அது யாருடைய தவறும் இல்லை. அந்த நாட்களில் அவள் பஸ் நிலையத்தை வரைந்தாள். விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாக நிறங்கள். ஆட்கள் புகைபோல நின்றார்கள். "என்னமோ இப்படித்தான்க்கா தெரியுது" என்றாள்.

அடுத்த கண்காட்சியில் அந்தப் படத்தை விட்டு யாரும் நகரவில்லை. ஸ்டுடியோக்காரர் கையை முன்னால் கொண்டுவந்துவிட்டார். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். செய்தித்தாளில் போட்டார்கள். தலைவர் குடோன் பேச்சையே விட்டுவிட்டார்.

யோசித்துப் பாருங்கள், சார். மருந்துக் கடைக்குச் சரக்கு வந்துவிட்டது. நான் வாங்கியும் வந்துவிட்டேன். அதை விட்டால் அவள் படத்தில் மறுபடி அதே ஓடும் அதே கம்பியும்தான்.

குப்பியைக் காலி செய்து, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை நிரப்பினேன். சுத்தத்தில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

கொஞ்ச நாளில் அவள் கேட்டாள். "அக்கா, இப்பல்லாம் மருந்து எரியவே மாட்டேங்குது."

"புது கம்பெனிடி. எரிஞ்சாத்தான் மருந்தா?"

அன்றைக்கே ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தேன். மறுநாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆங், இப்ப எரியுது" என்றாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டாக்டரிடம் போகலாமா என்று கேட்கும்போதெல்லாம், போனில் பேசிவிட்டேன், இதே மருந்தைத் தொடரச் சொன்னார் என்பேன். அவள் வரைந்துகொண்டே இருந்தாள். ஓரங்கள் கருத்துக்கொண்டு வந்தன. படத்திலும் ஓரங்கள் கருத்தன, நடுவில் மட்டும் ஒரு ஜன்னலோ ஒரு முகமோ மிதக்கும். எல்லாமே அபாரம். அந்த ஜன்னலும் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் டப்பாவில் தூரிகையைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

அழுதாள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

கண்காட்சி நெருங்கியது. அவளிடமிருந்து புதிதாகச் சில படங்கள்தான் தேறின. சுவரில் மூன்று இடம் காலி. காலிச் சுவர் பார்க்கச் சகிக்காது. நானே மூன்று வரைந்தேன். ஒரு பாலம், ஒரு படிக்கட்டு, எங்கள் சமையலறை. அவள் பெயரில் மாட்டினேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவருமே வரைந்தோம், சார். பரிசு அவளுக்கு வரும், எனக்குச் சான்றிதழ் வரும். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

மூன்றையும் வாசலுக்கு நேராக, சரியான கண் மட்டத்தில் மாட்டினேன். நல்ல வெளிச்சம் விழும் இடம் அது.

கூட்டம் வந்தது. ஒவ்வொரு படத்திலும் நின்றது. அந்த மூன்றை மட்டும் தாண்டிப் போனது. ஸ்டுடியோக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் குனிந்து, ஆறுதலாகத்தான் சொன்னார்.

"மனசை விட்டுடாதம்மா. அந்தப் பாலம் சரியா வரலதான். கண்ணு போனா கையும் கொஞ்சம் தடுமாறும். அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அக்கா, நான் பாலம் எதுவும் வரையலியே."

"மறந்துட்டேடி. போன மாசம் வரைஞ்சே."

மறுநாள் காலையில் ஸ்டுடியோக்காரரின் மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல், டாக்டரிடம் போய்விட்டாள். டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டாராம். அந்த மருந்து கண்ணிலிருந்து தொண்டைக்கு இறங்கும்போது கசக்கும், கசக்கிறதா என்று. "இல்ல டாக்டர், உப்புக் கரிக்குது" என்றாளாம். குப்பியை வாங்கிச் சோதித்தார்கள். மீதி உங்களுக்கே தெரியும்.

ஆமாம், நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. இந்த ஊர் ஒரு கலைஞரைப் பெற வேண்டும் என்று செய்தேன், பெற்றது. நூலகம் திறந்திருக்கிறது. நேற்றுகூட வாசலில் வரிசை நின்றதாமே. கண் போனவளின் படங்கள் என்றதும் கூட்டம் இரண்டு மடங்காம்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். கூடப் பிறந்தவளிடம் என்ன பொறாமை? ஆனால் ஒன்று. அந்த மூன்று படங்களையும் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டார்களாம். அது சரியில்லை. ஸ்டுடியோக்காரருக்கு என்ன தெரியும்? தலைவருக்கு என்ன தெரியும்? இந்த ஊரில் படம் பார்க்கத் தெரிந்த கண் என் தங்கையுடையது மட்டும்தான்.

அவள் ஒருமுறை அந்தப் பாலத்தைப் பார்த்தால் போதும், சார். நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவாள்.