கம்பவுண்டர் ஜீவரத்தினத்தின் கைராசி

உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஈரம் அதிகம், சார். மருந்துப் பொடியை இங்கே ஒரு ராத்திரி வைத்தால் கட்டி தட்டிப்போகும். என் மருந்தறை அப்படி இருக்காது. டாக்டர் ஸ்ரீரங்கன் கிளினிக்கில் சுத்தமான இடம் அது ஒன்றுதான். முடிச்சூர் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அதற்கு முன் என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு மாத்திரை முழுங்க வராது. டாக்டர் சீட்டு எழுதி உள்ளே அனுப்புவார். நான் மாத்திரையைக் கல்வத்தில் போட்டு நைசாக அரைத்து, பால் சர்க்கரை சேர்த்துக் கலந்து, தாளில் சமமாகப் பங்கு பிரித்துப் பொட்டலம் மடிப்பேன். மருந்தும் வெள்ளை, சர்க்கரையும் வெள்ளை. மடித்த பிறகு உள்ளே இருப்பது மடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் வேலை. அரைத்து அரைத்துத் தோள்பட்டை போய்விட்டது. குழந்தை பிழைத்து எழுந்தால் ஆரஞ்சுப் பழப் பை டாக்டர் மேஜைக்குத்தான் போகும். டாக்டருக்கு நல்ல கைராசி என்பார்கள். எந்தக் கை, சார்? அவர் கை பேனாவைத் தவிர எதைத் தொட்டது? ஜன்னல் வழியாக நான் பொட்டலத்தை நீட்டுவேன். வாங்குகிறவர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். வருஷக்கணக்கில் அப்படி நின்று பாருங்கள், உங்களுக்கும் வெறுத்துப் போகும்.

முதல் தடவை நடந்தது வெறும் மறதி. அடைமழைக் காலம், கிளினிக்கில் ஒரே கூட்டம். ரத்தினபாய் டீச்சர் மகனுக்கு மாத்திரையே போடாமல் சர்க்கரையை மட்டும் மடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் டீச்சர் வந்து, "ஜுரம் கொஞ்சம்கூட எறங்கலையே, மிஸ்டர் ஜீவரத்தினம்" என்றார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இருங்க டீச்சர், நானே பாத்துக் கலந்து தர்றேன்" என்று சரியாகக் கொடுத்து அனுப்பினேன். பையன் எழுந்துவிட்டான். அடுத்த வாரம் அத்தனை பேருக்கு நடுவில் டீச்சர் சொன்னார்: "டாக்டர் குடுத்தது கேக்கவே இல்ல. கம்பவுண்டர் கைராசிதான் என் புள்ளைய எழுப்பிச்சு." அன்றைக்கு ஆரஞ்சுப் பை என் ஜன்னலுக்கு வந்தது. வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அதற்குப் பிறகு தெரிந்தே செய்தேன். எல்லோருக்கும் அல்ல. இருதயக்காரர்களைத் தொட்டதில்லை, வலிப்புக்காரர்களையும் தொட்டதில்லை. சாதாரணக் காய்ச்சல், சளி, அதுவும் குழந்தைகளுக்கு மட்டும். முதல் நாள் சர்க்கரை கொடுப்பேன். மறுநாள் பெற்றவள் பதறிக்கொண்டு வருவாள். அப்போது அசலைக் கொடுப்பேன். கசக்கிறதே என்றால், நான் கலந்தது அப்படித்தான், வீரியம் ஜாஸ்தி என்பேன். ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். செங்கல்பட்டிலிருந்துகூட என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். டாக்டர் முகத்துக்கு நேராகவே, "நீங்க சீட்டு மட்டும் எழுதுங்க, மருந்த அவர் கையால வாங்கிக்கறோம்" என்றார்கள்.

நீங்கள் கேட்ட அந்தப் பேபி, குரோம்பேட்டையில் தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். வீடு இரும்புலியூரில். தன் மகன் சிட்டிபாபுவை அவள் சனிக்கிழமை தூக்கிவந்தாள். நெஞ்சு முழுக்கச் சளி என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பையனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. அவள் வருவாள் என்று நான் மட்டும் போய்த் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அசல் பொட்டலம் மடித்துத் தயாராக இருந்தது. அவள் வரவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் வீடு எனக்குத் தெரியும், போயிருக்கலாம். ஆனால் நாமாகத் தேடிப்போய்க் கொடுத்தால் மருந்துக்கு என்ன மரியாதை இருக்கும்?

திங்கட்கிழமை விடியும்போது பையன் போய்விட்டான். சாவு வீட்டுக்கு நானும் போனேன். பேபி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு வேளகூட வுடலண்ணா. எங்க கொழுந்தன் குப்புராஜு ஆட்டோவ எடுத்துகினு வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் பூடலாம் அண்ணின்னு கத்தினான். நான்தான் வாணாம்னேன். கம்பவுண்டர் அண்ணன் கையால குடுத்த மருந்து கீது, கேக்காம பூடுமான்னு சொன்னேன்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, சார். எல்லோரும் மறுநாள் வந்தார்கள். கேட்கவில்லை என்று தெரிந்தால் திரும்பி வர வேண்டாமா? ஒருத்தி இவ்வளவு நம்புவாள் என்று நான் எப்படி எதிர்பார்ப்பது?

ஆமாம், அந்தப் பொட்டலங்களில் மருந்து இல்லை. இருந்திருந்தால் பையன் பிழைத்திருப்பான். டாக்டர் எழுதியது சரியான மருந்துதான், அவர் மேல் தப்பில்லை. அலமாரியில் மாத்திரை டப்பாக்கள் தீராமல் கிடப்பதைப் பார்த்து அவர்தான் உங்களைக் கூப்பிட்டார். கெட்டிக்கார மனுஷன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம், டாக்டருக்குத் தெரியாதது. நேற்று சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு பேபி மறுபடி வந்தாள். இடுப்பில் சின்னவள் சரசு. அதே காய்ச்சல், அதே இழுப்பு. "டாக்டரு வாணாம், இத்தையாவது ஒன் கையால காப்பாத்திக் குடுண்ணா" என்றாள். கொடுத்தேன். முதல் நாள் கொடுப்பதைத்தான் கொடுத்தேன். ஆனால் இந்தத் தடவை, நாளைக்குக் கட்டாயம் வரணும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். இப்போது ஜன்னலில் வந்து நின்றுகொண்டிருப்பாள்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? டாக்டருக்குப் போன் செய்து பிரயோஜனமில்லை, குழந்தையை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் பிரயோஜனமில்லை. விலங்கு போட்டாவது என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் கையால் கொடுத்தால்தான், சார், அந்தக் குழந்தைக்குக் கேட்கும்.