எட்டுப் படகும் ஒரே எடை

மகேஸ்வரி மேடம், உங்கள் ஸ்டேஷன் ஜன்னலோரம் பறிமுதல் செய்த தட்டுத் தராசு ஒன்று கிடக்கிறது. அதன் முள் இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. கொக்கியில் துரு ஏறியிருக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நேராகிவிடும். யாரிடமாவது சொல்லிச் செய்துவிடுங்கள். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு எடைமேடையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவன் நான். சாய்ந்த முள் கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மணிமொழி செத்துப்போனதை மட்டும் எழுதினால் போதும் என்றீர்கள். அப்படி எழுதினால் ஏதோ ஒரு நாள் ஆத்திரத்தில் செய்த காரியம் போலத் தெரியும். எனக்கு ஆத்திரம் வருவதில்லை. இது ஒரு வருஷத் தொழில், அதனால் தொழிலின் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

போன தை மாதம் தொடங்கினேன். கரியாலூருக்கு ஏறும் மலைப்பாதைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன அணை இருக்கிறதே, அதன் கரையில் தகரக் கொட்டகை போட்டேன். ஆதிமூலம் அய்யா ஓய்வு பெற்ற அதிகாரி. மகன் வீட்டுக்கு வெளிநாடு போன இடத்தில் பாய்ப்படகுப் பந்தயம் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் ஒரு கழகம் ஆரம்பித்தார். தலைவர் பதவியைப் பெருந்தன்மையோடு தாமே ஏற்றுக்கொண்டார். மணலூர்பேட்டைப் பக்கத்து நிலக்காரர் வெங்கடேசன், ஒரு பல் டாக்டர், ஒரு நகைக்கடைக்காரர் என்று அவரோடு சேர்த்து எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் எட்டுப் படகு. பராமரிப்பு, படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய இடத்தில் மிதவை போடுவது, நேரம் பார்ப்பது, ஆபத்து என்றால் மோட்டார் படகில் போய்த் தூக்குவது எல்லாம் என் பொறுப்பு.

இந்தப் பந்தயத்தில் ஒரு விசேஷம் உண்டு. எட்டுப் படகும் அச்சுவெல்லம் மாதிரி ஒரே அச்சில் வார்த்தவை. நீளம் ஒன்று, பாய் ஒன்று, சுக்கான் ஒன்று. எடையில் நூறு கிராம் குறைந்தாலும் நான் ஈயம் வைத்து நிரவிவிடுவேன். யாருக்கு எந்தப் படகு என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஆகவே தோற்றவன் படகைக் குறை சொல்ல முடியாது, தன்னைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பெரிய மனிதர்களால் அது முடியாது. முதல் மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. பந்தயம் முடிந்ததும் வெங்கடேசன் நேராகக் கொட்டகைக்கு வருவார். எண்பத்தாறு கிலோ, படகில் அவர் உட்கார்ந்தால் அதுவும் கூடவே உட்கார்ந்துவிடும்.

"பாண்டியா, இந்த மூணாம் நம்பர் இடது கைப் பக்கமா இழுத்துக்கினே போவுது. இன்னான்னு பாரு."

நான் குனிந்து பார்ப்பேன். ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். விரலை மடக்கி அடிப்பாகத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ஆமாங்க, ஒரு நூல் இழுக்குதுங்க. அது மட்டும் இல்லன்னா இன்னைக்கு நீங்கதாங்க," என்பேன். ஒன்றும் இல்லாத போல்ட்டை ஒரு சுற்றுக் கழற்றி, ஒரு சுற்று முடுக்குவேன். அவர் முகம் தெளிந்து வீட்டுக்குப் போவார். அடுத்து டாக்டர் வருவார். அவருக்குப் பாயில் சுருக்கம் என்பேன். ஆதிமூலம் அய்யாவுக்கு மட்டும் காற்றின் மேல் பழி போடுவேன், அவர் அந்தஸ்துக்கு அதுதான் பொருத்தம். நான் பராமரித்தது படகை அல்ல மேடம், அவர்களுடைய நிம்மதியை. அதில் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

வைகாசியில் நகைக்கடைக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேர் இல்லாமல் பந்தயம் விடக் கூடாது என்று ஆதிமூலம் அய்யா தாமே ஒரு விதி போட்டு வைத்திருந்தார். கரையில் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்றுக்கொண்டிருந்த மணிமொழியைக் கூப்பிட்டு ஏற்றினோம். மலைக்காரப் பெண், இருபத்திரண்டு வயது. நாலு மாதமாக ஞாயிறுதோறும் அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். எட்டாவதாக வந்துவிட்டுப் போவாள் என்று நினைத்தோம்.

முதலில் வந்தாள். அடுத்த வாரமும் முதலில் வந்தாள். எப்படி என்று கேட்டேன்.

"அந்தச் சரிவுல மூங்கில் இலை வெள்ளையாத் திரும்புது பாருங்கண்ணா. அப்புறம் ஒரு மூச்சு வுடற நேரத்துல காத்து தண்ணிக்கு எறங்கிடும். சாமை தூத்தறப்போ நாங்க அதைப் பார்த்துத்தான் மொறத்தைத் தூக்குவோம்."

மற்ற ஏழு பேர் கையிலும் காற்றின் வேகம் காட்டும் கருவி இருந்தது. அந்தக் கருவி காற்று வந்த பிறகு, வந்துவிட்டது என்று சொல்லும்.

அவள் ஜெயித்ததில் எனக்கு வருத்தமில்லை. குலுக்கலில் ஒவ்வொரு வாரமும் வேறு வேறு படகு வந்தது, அதுதான் தொல்லை. மூன்றாம் நம்பர் உதவாத படகு என்று வெங்கடேசன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஆடியில் அதே மூன்றாம் நம்பரில் இரண்டு நிமிஷம் முன்னால் வந்து நின்றாள். ஆவணி முடிவதற்குள் எட்டுப் படகிலும் ஜெயித்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் எந்தப் படகைத் தட்டிப் பார்த்து என்ன சொல்வது? வெங்கடேசன் கொட்டகைப் பக்கம் வருவதையே நிறுத்தினார். டாக்டர் இறகுப்பந்து ஆடப் போகிறேன் என்றார். புரட்டாசியில் ஒரு ஞாயிறு நாலு பேர்தான் வந்தார்கள், பந்தயம் நடக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் இந்தப் பெண் இப்படியே ஜெயித்தால் கொட்டகையை மூடிவிட்டு நான் மறுபடி கரும்பு லாரிக்குச் சீட்டு எழுதப் போக வேண்டியதுதான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, உங்களிடம் மறைக்கவில்லை.

அதனால் ஐப்பசியில் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. "படகெல்லாம் சமம்தாங்க. ஆளுங்க சமமா?" என்று மட்டும் சொன்னேன். ஏழு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இத்தனை நாளாகத் தங்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கொட்டகைத் தராசைக் கூட்டத்துக்கே கொண்டுபோய் எல்லாரையும் நிறுத்தேன். அவர்கள் சராசரி எழுபத்தெட்டு. மணிமொழி நாற்பத்து நாலு. வித்தியாசம் முப்பத்து நாலு கிலோவை அவள் சுமக்க வேண்டும் என்றார் வெங்கடேசன். நான்தான் இரக்கப்பட்டு இருபதாகக் குறைத்தேன். அது கூட்டக் குறிப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

கித்தானில் கை இல்லாத சட்டை ஒன்று தைத்து, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வரிசையாக வைத்து மூடினேன். லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவு சுமை எதற்கு, விட்டுவிட்டுப் போ என்று அவளே முடிவெடுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கோப்பைப் பந்தயம். அதில் ஜெயிப்பவரைச் சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவதாக ஆதிமூலம் அய்யா அறிவித்திருந்தார், தங்குமிடமும் வேலையும் உண்டு. ஜெயிக்கும் உறுப்பினர் அந்த இடத்தை நகைக்கடைக்காரரின் மகனுக்கு விட்டுக்கொடுப்பதாக உள்ளுக்குள் பேசிவைத்த ஏற்பாடு அது. அவள் அதை நம்பிவிட்டாள்.

"குடுங்கண்ணா, போட்டுக்கிறேன். மலையில இதைவுட ஜாஸ்தி தூக்கிக்கினு ஏறுவோம்," என்றாள்.

இருபது கிலோவைச் சுமந்துகொண்டு கார்த்திகையில் இரண்டு பந்தயம் ஜெயித்தாள்.

அணையின் அந்தக் கோடியில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். படகு அதைச் சுற்றும்போது கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. வெங்கடேசன் அங்கே பிடித்துக்கொண்டார். "பாறைக்கு அந்தாண்ட போனதும் அவுத்துப் படகுல போட்டுட்றா பாண்டியா. இந்தாண்ட வர்றப்போ மாட்டிக்கினு வர்றா."

படகில் கழற்றிப் போட்டாலும் எடை படகில்தான் இருக்கும். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி என் கொட்டகைக்குள் வந்து நின்றிருந்தார், அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். "முத்திரை போட்டுடலாங்க," என்றேன். கரண்ட் மீட்டர்ப் பெட்டியில் கம்பி முறுக்கி ஈய வில்லை தொங்குமே, அதேதான். வெட்டுக்குறடு இல்லாமல் யாராலும் பிரிக்க முடியாது.

கழகத்துக்குப் பின்னால் சிக்கல் வரக் கூடாது என்று அவள் அப்பாவிடம் சம்மதக் கடிதம் கேட்டார் ஆதிமூலம் அய்யா. கருப்பண்ணன் சாமை அறுப்பை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். நின்றுகொண்டே அதை இரண்டு தடவை படித்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணியில வுழுந்துட்டா இதை யாருங்க பிரிக்கிறது?"

"நான் மோட்டார் படகுல பின்னாடியே இருப்பேங்க. கட்டர் என் பையிலயே இருக்கும்," என்றேன்.

அந்த வார்த்தைக்காகத்தான் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

அன்று சாயங்காலம் ஒரு லைஃப் ஜாக்கெட்டில் எடைச்சட்டையை மாட்டி, முத்திரை போட்டு, கயிறு கட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். எதையும் சோதிக்காமல் நான் பயன்படுத்த மாட்டேன். அது நேராக அடிக்குப் போனது, மிதக்க ஒரு முயற்சியும் செய்யவில்லை. இழுத்து எடுத்து முத்திரையைப் பார்த்தேன். 'நீரில் முத்திரை நெகிழவில்லை' என்று என் குறிப்பு நோட்டில் எழுதினேன். மூழ்கியதைப் பற்றி எழுதவில்லை. சோதித்தது முத்திரையைத்தானே.

கோப்பை நாளில் நல்ல காற்று. எல்லாருக்கும் முன்னால் நானே அவளுக்கு முத்திரை போட்டேன். பாறையை நெருங்கும்போது அவள்தான் முன்னால், அடுத்து வெங்கடேசன், மற்ற ஆறு பேரும் வெகுதூரம் பின்னால். எனக்கு ஆச்சரியம், அவருக்கு அதைவிட ஆச்சரியம். அவர் படகை வளைக்கத் தெரியாமல் அவள் குறுக்கே வந்துவிட்டார். முட்டிவிடாமல் இருக்க அவள் சட்டென்று ஒடித்தாள். சரிந்த படகை நிமிர்த்த முதுகை வெளியே சாய்த்தாள். நாற்பத்து நாலு கிலோவாக இருந்திருந்தால் மறுபடி எழுந்திருப்பாள். வருஷம் முழுக்க ஒரு தடவைகூடக் கவிழாத பெண் கவிழ்ந்தாள். வெங்கடேசன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார், அவருக்கு முதல் தடவையாக முன்னால் யாரும் இல்லை.

நான் மோட்டாரை நிறுத்திப் பக்கத்தில் போனேன். கவிழ்ந்த படகின் அடிப்பலகையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். கை நீட்டினால் எட்டும்.

"பாண்டியண்ணா, அத்துவுடுங்க. கை வழுக்குது."

வெளியாள் உதவினால், உதவி பெற்றவர் பந்தயத்திலிருந்து விலகியதாக அர்த்தம். அது விதி, நான் போட்டதல்ல. அதனால் முறைப்படி கேட்டேன், "நீயா வெலகிக்கிறியாம்மா?"

"அத்துவுடுங்கண்ணா," என்றாள் மறுபடியும். அது என் கேள்விக்குப் பதில் இல்லை. மூன்றாவது தடவை கேட்டபோது அவள் வாயில் தண்ணீர் போய்விட்டது. அந்தப் பக்கம் வெங்கடேசன் மிதவையை உரசாமல் சுற்றுகிறாரா என்றும் நான் பார்க்க வேண்டியிருந்தது. சரியாகத்தான் சுற்றினார். திரும்பிப் பார்த்தபோது படகு மட்டும் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு நிமிஷம். கடிகாரம் என் கழுத்தில்தான் தொங்கியது. வெட்டுக்குறடு எங்கே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவள் அப்பாவுக்குச் சொன்னபடியே என் பையில் இருந்தது, அது இருந்தது எனக்கு ஞாபகமும் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவள் பிழைத்து, சென்னைக்குப் போகாமல் அடுத்த ஞாயிறே வந்து நிற்பாள். இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தீயணைப்பு வீரர்கள் சாயங்காலம் எடுத்துக் கரையில் போட்டார்கள். அவள் அம்மா சாமியம்மாள் அந்தக் கித்தான் சட்டையைப் பல்லால் கடித்துக் கிழிக்கப் பார்த்தாள். நான்தான் விலக்கிவிட்டுக் குறடால் வெட்டினேன். வெட்டுவதற்கு முன் ஆதிமூலம் அய்யாவைக் கூப்பிட்டு முத்திரையைக் காட்டினேன். அப்படியே இருந்தது. வெங்கடேசன் எட்டத்தில் கோப்பையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு நின்றார். மறு வாரம் கொட்டகைக்கு வந்து, "அன்னைக்குப் படகு நல்லா வந்துச்சு பாண்டியா. அந்த நம்பரையே எனக்கு ஒதுக்கிடு," என்றார்.

அவளைப் பற்றி ஊரில் ஒரு பழிச்சொல் நிற்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. கழகத்தின் தாளில் நானே எழுதினேன்: 'முத்திரை உடைபடவில்லை. எடை குறையவில்லை. மேற்படி மணிமொழி எந்தப் பந்தயத்திலும் ஏமாற்றவில்லை என்று இதன் மூலம் சான்றளிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, மலை ஏறி, வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். வேறு யாரும் போகவில்லை மேடம், நான் ஒருவன்தான் போனேன்.

கருப்பண்ணன் அதையும் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மெனக்கெட்டு ஏறி வந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.