முனகல் நின்ற வண்டி

ஸ்டீயரிங் பக்கம் சத்தம் வந்தால் எல்லோரும் முதலில் பெல்ட்டைத்தான் திட்டுவார்கள். பாவம், பாதி நேரம் அதன்மேல் ஒரு தப்பும் இருக்காது. பெல்ட் தளர்ந்தால் கீச்சென்று கத்தும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஸ்டீயரிங்குக்கு ஆயில் தள்ளுகிற பம்ப் அப்படியில்லை. வண்டியை மெதுவாக ஓட்டி ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது, வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகும்.

ஐயா, வண்டியை எப்போது திருப்பிக் கொடுத்தாய் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கொடுத்தேன். அதோடு ஸ்டேஷனைவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் எதையும் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அது என் தங்கை புருஷனின் வண்டி. மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். வெளியில் அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்குள் எப்படி என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை தங்கையின் கையில் கட்டு இருந்தது, வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அடுத்த முறை கன்னம் வீங்கியிருந்தது, அதற்கும் வழுக்கல்தான். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் இவ்வளவு வழுக்கி விழுந்ததில்லை.

அன்று காலை அவர் பட்டறைக்கு வந்து சாவியை மேஜைமேல் வைத்தார். "மச்சான், நான் தெருவுல திரும்பினாலே ஊருக்கே தெரிஞ்சுடுது. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய்விட்டார்.

பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டேன். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பம்ப்பின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். பேரிங் போயிருந்தால் உள்ளே கூழாங்கல் உருள்வது போலிருக்கும். அது இல்லை. ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே நுரை. நுரை இருந்தால் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனேன். கிளிப்புக்கு அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. ஒரு சொட்டு ஆயில் வெளியே ஒழுகாது, ஆனால் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடித்ததும் எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

அப்போதுதான் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, வண்டி உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமா. சின்ன வேலைதான். ஹோஸ் மாத்தினா சரியாயிடும்."

"மாத்தாதேண்ணா. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன். அவர் தெருமுனையில திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டுடும். பாப்பாவைப் பின்ரூமுக்கு அனுப்பி, கதவைச் சாத்திட்டு வந்து நிப்பேன். அந்தச் சத்தம் இல்லேன்னா எனக்கு அந்த நேரம்கூடக் கிடைக்காது."

என் விரல் இன்னும் அந்த வெடிப்பின்மேலேயே இருந்தது.

"இன்னிக்கு நான் கிளம்புறேன். துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். பாப்பா ஸ்கூல்லேர்ந்து வந்ததும் நேரா உன் வீட்டுக்குத்தான். சாயங்காலம் வரைக்கும் வண்டியைக் குடுத்துடாதே. குடுக்க வேண்டி வந்தாலும் சத்தத்தோடவே குடு. எனக்கு வேற யாரு இருக்கா?"

"சரிம்மா" என்றேன்.

என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டே அறை, நான் ஒருவன். பகலெல்லாம் இன்ஜின் இரைச்சலில் கிடக்கிறவனுக்குச் சாயங்காலமாவது காது ஓய வேண்டாமா? போன விடுமுறைக்குத் தங்கையும் பாப்பாவும் வந்து ஒரு வாரம் தங்கினார்கள். தங்கை இருப்பதே தெரியாது. பாப்பாதான் சரியான வாயாடி. கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓயாது. மாமா இது என்ன, மாமா அது ஏன் என்று பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றுகூடக் கேட்டுக்கொண்டிருக்கும். தங்கமான பிள்ளைதான், குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போன அன்று நாற்காலியில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

புது ஹோஸ் போட்டேன், புதுக் கிளிப் முடுக்கினேன். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினேன். ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக மேலே வந்து வெளியேறும். அவசரப்படக் கூடாத வேலை அது. மனசு மாற வேண்டுமென்றால் அதற்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. பிறகு இன்ஜினைப் போட்டு ஒடித்துப் பார்த்தேன். முனகல் அடியோடு போயிருந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "வண்டி ரெடி, வந்து எடுத்துக்கோங்க."

"கடையில ஆளில்லை மச்சான். சாயங்காலம் வர்றேனே."

"இல்லை, இப்பவே வாங்க. உங்க தெருமுனையில திருப்பிப் பாத்தாதான் வேலை எப்படின்னு தெரியும். வீடு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடுங்க."

பட்டறை வாசலிலேயே நல்ல திருப்பம் ஒன்று இருக்கிறது. எல்லா வண்டியையும் அங்கேதான் ஓட்டிப் பார்ப்பேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், போன் மேஜைமேல்தான் இருந்தது. கையெல்லாம் ஆயில், அழுக்குக் கையோடு தொட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கையைச் சுத்தமாகக் கழுவிய பிறகு டீ குடித்தேன்.

அவள் பெட்டியோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாளாம். பாப்பா கீழ்ப்படியில் பையை மாட்டிக்கொண்டு நின்றதாம். கதவு திறந்த பிறகுதான் அவர் வந்ததே தெரிந்திருக்கிறது. மற்றதை உங்கள் ஆட்கள் படிகளை அளந்து எழுதிவிட்டார்கள். அடித்தது அவர், தள்ளியதும் அவர். ஆனால் அவள் அந்தச் சத்தத்தை நம்பித்தான் இருப்பாள், அது கேட்காது என்று தெரிந்தேதான் நான் அவரை அனுப்பினேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நாலு அடி விழும், கிளம்புகிற எண்ணத்தை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

பாப்பா இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அம்மா போய்ச் சேர்ந்தாள், அப்பா உங்கள் லாக்கப்பில்; வளர்க்க வேறு ஆளில்லை, மறுக்க முடியவில்லை. நான் பயந்த அளவுக்குத் தொந்தரவில்லை. அன்றிலிருந்து அது ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தெருவில் திரும்புகிற ஒவ்வொரு வண்டிக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. டாக்டரிடம் காட்டு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். காட்ட என்ன இருக்கிறது ஐயா, பிள்ளை என் வீட்டுக்கு நன்றாகப் பழகிவிட்டது.